எட்டு டம்ளர் காபியும் என் ஸ்டாடிஸ்டிக்ஸ் பரீட்சையும்

அல்சூர்க்காரி
எல்லோருக்கும் வணக்கம். சின்னவள் காலேஜ் சேர்ந்த பிறகு பகலில் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் தபால் வழியில் பி.ஏ. சைக்காலஜி சேர்ந்தேன். கனவு, ஞாபக மறதி, குழந்தை மனசு என்று சுவாரசியமாகப் போகும் என்று நினைத்தேன். இரண்டாவது புத்தகமே ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும்! பத்தாம் வகுப்போடு கணக்கைத் தலைமுழுகியவள் நான்.

சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடுகிறது. அது எதற்கு என்றுதான் புரியவில்லை. மாதிரி வினாத்தாளில் ஒரு கேள்வி: "பி மதிப்பு 0.03 என்றால் என்ன பொருள்?" "கருதுகோள் 97 சதவீதம் சரி என்று பொருள்" என்று எழுதினேன். மேல் வீட்டில் பேயிங் கெஸ்டாகத் தங்கியிருக்கும் பெண் தப்பு என்கிறாள். ஏன் தப்பு என்று அவளுக்கும் சொல்ல வரவில்லை. யாராவது சமையலறைத் தமிழில் விளக்குவீர்களா?

கோரமங்களா_கோடர்
அக்கா, கவலையே வேண்டாம். நாங்கள் ஆபீஸில் தினமும் பார்ப்பதுதான். 0.05-க்குக் கீழே வந்தால் பாஸ், மேலே போனால் ஃபெயில். அவ்வளவுதான்.

பழைய_வாத்தியார்
தம்பி, இப்படிச் சொல்லிக் கொடுத்துத்தான் ஒரு தலைமுறையையே கெடுத்தோம். நானும் அந்தப் பாவத்தில் பங்குள்ளவன். முப்பது வருடம் இதே பாடம் நடத்திவிட்டு இப்போது மல்லேஸ்வரத்தில் ஓய்வாக இருக்கிறேன்.

அம்மா, உங்கள் பதில் தப்புதான். ஆனால் அதை எழுத்தில் விளக்கினால் இன்னொரு சூத்திரமாகத்தான் தெரியும். ஒன்று கேட்கிறேன். "இது எனக்கு நன்றாகத் தெரியும்" என்று அடித்துப் பேசுகிறவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா?

அல்சூர்க்காரி
சார், அதற்கு ஏன் வெளியே தேட வேண்டும்? எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறார். காபியில் ஒரு சிட்டிகை சிக்கரி விழுந்தாலும் நாக்கு சொல்லிவிடுமாம். இருபது வருடமாக இதே பேச்சு. சிக்கரி கலந்த பொடி வீட்டுக்குள் வரக்கூடாது. விருந்தாளி வீட்டில் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார்.

பழைய_வாத்தியார்
பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

1920-களில் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் நிபுணர் வேலை பார்த்தார். அங்கே மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆராய்ச்சியாளர் இருந்தார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் அந்த அம்மாள். ஃபிஷர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அதை எப்படிச் சோதிப்பது என்று யோசிக்க உட்கார்ந்தார். 1935-ல் அவர் எழுதிய சோதனை வடிவமைப்புப் புத்தகத்தில் இந்த டீ ஒரு முக்கிய உதாரணம். எட்டுக் கோப்பை. நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். வரிசை கலைத்து வைக்க வேண்டும். நாலு நாலு என்பது ருசி பார்ப்பவருக்கும் தெரியும். எந்த நாலு என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் இதை நடத்துங்கள். நாலு சுத்தக் காபி, நாலு சிக்கரி. முடிவை இங்கே போடுங்கள்.

வெள்ளந்தி
ஒரே ஆளை வைத்து என்ன ஆராய்ச்சி சார்? குறைந்தது நூறு பேர் வேண்டாமா?

பழைய_வாத்தியார்
கேள்வி யாரைப் பற்றியது என்று பாருங்கள். "மனிதர்களால் சிக்கரியைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்றால் பல பேர் வேண்டும். "இந்த மனிதரால் முடியுமா?" என்றால் ஒருவர் போதும், பல டம்ளர் வேண்டும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துக்கொண்டுதான் 1885-ல் மறதியைப் பற்றிப் புத்தகம் போட்டார்.

அல்சூர்க்காரி
ஞாயிறு காலை 9.40.

தோற்றேன். எட்டுக்கு எட்டும் சரியாகச் சொல்லிவிட்டார்! கடைத்தெருவில் சுத்தப் பொடி நூறு கிராம், எழுபதுக்கு முப்பது கலந்தது நூறு கிராம் வாங்கி, இரண்டு ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி, நானே கலந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் மீசையைத் துடைத்துக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். மாமியார் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

கோரமங்களா_கோடர்
சூப்பர் அக்கா! பி எவ்வளவு?

பழைய_வாத்தியார்
பொறுங்கள் தம்பி. கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது.

அம்மா, மூன்று கேள்வி. எந்த வரிசையில் கொடுத்தீர்கள்? குடிக்கும்போது டம்ளருக்குள் இருப்பது அவருக்குத் தெரிந்ததா? கொடுக்கும்போது எது எந்தக் காபி என்று உங்களுக்குத் தெரியுமா?

அல்சூர்க்காரி
குழம்பிவிடக் கூடாது என்று ஒன்று விட்டு ஒன்றாகக் கொடுத்தேன். டம்ளர் திறந்துதான் இருந்தது. எது எது என்று எனக்குத் தெரியாமல் எப்படி சார், நான்தானே கலந்தேன்?

மேல்வீட்டுப்_பெண்
அக்கா, நான்தான், உங்கள் மேல் வீடு. நீங்கள் சொல்லித்தான் இந்த இழைக்கே வந்தேன்.

ஒன்று விட்டு ஒன்று என்றால் மூன்றாவது டம்ளரிலேயே மாமா வரிசையைப் பிடித்திருப்பார். சிக்கரி போட்டால் டிகாக்‌ஷன் கறுத்துக் கெட்டியாக இறங்கும். நாக்கே வேண்டாம், கண் போதும்.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போடுமாம். கேள்வி கேட்டால் விடை எத்தனையோ அத்தனை தடவை காலைத் தட்டும். எஜமானர் ஏமாற்றுக்காரர் இல்லை, குதிரைக்குக் கணக்கு வரும் என்று உண்மையாகவே நம்பினார். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் துளி அசையும். குதிரை படித்தது அதைத்தான். மாமா உங்களோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவர். குதிரையைவிட நன்றாக உங்கள் முகத்தைப் படிப்பார்.

அல்சூர்க்காரி
அடிப்பாவி, மாமாவைக் குதிரை என்கிறாயா! (படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை.)

சரி, மறுபடி செய்கிறேன். வரிசையை எப்படிக் கலைப்பது? மனசில் தோன்றியபடி மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதுமா?

பழைய_வாத்தியார்
போதாது. நாமாகக் கலைத்தால் மூன்று சிக்கரி தொடர்ந்து வர மனசு விடாது. உண்மையான குலுக்கலில் அது சர்வசாதாரணமாக வரும்.

திருவுளச் சீட்டு போடுங்கள். நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெரியவர் எடுத்தால் என்ன? அவருக்கு வேண்டியவர் ஒருவர் ஊரில் இருப்பாரே! குலுக்கல் ஒன்று, எடுப்பவருக்குத் தெரியாமை ஒன்று. சைக்காலஜிப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக வரும் இரண்டும் அந்த ஒரு குடத்தில் இருக்கின்றன.

வைட்ஃபீல்ட்_அப்பா
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சர்வே எடுத்தோம். குழந்தை தினமும் எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறது, மார்க் எவ்வளவு என்று கேட்டோம். போன் நேரம் ஏற ஏற மார்க் இறங்குகிறது. எக்செல்லில் ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண், மைனஸில் வந்தது. போன்தான் மார்க்கைக் குறைக்கிறது என்று நிரூபணம் ஆனது. அசோசியேஷன் கூட்டத்தில் வைக்கப் போகிறேன்.

மேல்வீட்டுப்_பெண்
சார், கூட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிடம். மார்க் குறைந்த பிள்ளை மனசு விட்டுப் போய் போனை எடுத்திருக்கலாம். அம்மா அப்பா இருவரும் இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் குடும்பத்தில் போனும் கூடும், பாடம் சொல்லித்தர ஆளும் இருக்காது. பத்தாவது படிப்பவன் இரண்டாவது படிப்பவனைவிடப் போனும் அதிகம் பார்ப்பான், மார்க்கும் குறைவாக வாங்குவான். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் அதே மைனஸ்தான் வரும்.

வைட்ஃபீல்ட்_அப்பா
அப்படியென்றால் எப்படித்தான் நிரூபிப்பது? பாதிப் பிள்ளைகளிடம் போனைப் பிடுங்கிப் பார்க்க வேண்டுமா?

மேல்வீட்டுப்_பெண்
சீட்டுப் போட்டுப் பிடுங்கினால், ஆமாம். எந்தப் பாதி என்பதைக் குலுக்கல் முடிவு செய்தால் வயது, அப்பா அம்மா வேலை, பிள்ளையின் சுபாவம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கலந்துவிடும். அப்புறம் மார்க்கில் பெரிய வித்தியாசம் வந்தால் போனைச் சந்தேகப்படலாம். பெற்றோர் சம்மதிக்க வேண்டும், பிள்ளையும்தான்.

பழைய_வாத்தியார்
இன்னொன்று. யார் பதில் போட்டார்கள்? சொல்லப் பெருமையான மார்க் உள்ளவர்களா, போன் மீது கடுப்பில் இருப்பவர்களா? 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு இருபது லட்சத்துக்கும் மேல் பதில் அட்டைகள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று போட்டது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். டெலிபோன், கார் வைத்திருப்பவர்கள், அதாவது அன்றைய வசதிக்காரர்கள் பட்டியலைப் பார்த்து அட்டை அனுப்பியிருந்தார்கள். பதில் போட மெனக்கெட்டவர்களும் ஒரே பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தார்கள். அண்டா நிறைய எடுத்தாலும் கலக்காமல் மேலாக எடுத்தால் அது ரசத் தெளிவுதான்.

வைட்ஃபீல்ட்_அப்பா
கூட்டத்தில் பார்க்கிங் பிரச்சினையை மட்டும் பேசுகிறேன்.

அல்சூர்க்காரி
சார், காபி நடக்கும்வரை இன்னொரு சந்தேகம். திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது. விலக்கத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, ஐந்து எண் இருந்தால் நாலால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கச் சொல்கிறார்கள். ஏன் நாலு? ஒன்று எங்கே போயிற்று?

கோரமங்களா_கோடர்
இதற்கு நான் பதில் சொல்கிறேன், முன்னால் உளறியதற்குப் பிராயச்சித்தமாக.

அக்கா, ஆபீஸுக்கு நான் இரண்டு வழியில் போவேன். மெட்ரோ பிடித்துப் போனால் ஐந்து நாளும் 48, 49, 50, 51, 52 நிமிடம். டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு வழியாக பஸ்ஸில் போனால் 25, 35, 45, 60, 85. இரண்டுக்கும் சராசரி 50தான். ஆனால் பத்து மணிக்கு மீட்டிங் இருந்தால் எதில் போவேன்? அந்த வித்தியாசம் சராசரியில் இல்லை, திட்ட விலக்கத்தில் இருக்கிறது. மெட்ரோவுக்கு 1.6 நிமிடத்துக்குப் பக்கம் வரும். பஸ்ஸுக்கு ஏறக்குறைய 23.5. போட்டுப் பாருங்கள்.

நாலு ஏன் என்பதற்கு பஸ் விலக்கங்களைப் பாருங்கள்: மைனஸ் 25, மைனஸ் 15, மைனஸ் 5, பிளஸ் 10. ஐந்தாவதை நான் சொல்லவே வேண்டாம். கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்பதால் அது 35தான். அந்த ஐந்து நாளின் சராசரியை அதே ஐந்து எண்ணிலிருந்து எடுத்துவிட்டோம். அதனால் நாலுக்குத்தான் சுதந்திரம், ஐந்தாவது கட்டிப்போட்ட மாடு. ஐந்தால் வகுத்தால் பரவல் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

பழைய_வாத்தியார்
கட்டிப்போட்ட மாடு! இந்த உதாரணம் கிடைத்திருந்தால் என் மாணவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் பாஸ் ஆகியிருப்பார்கள்.

இதே குறைந்த எண்ணிக்கைத் தொல்லையில்தான் சராசரிகளை ஒப்பிடும் உங்கள் டி-டெஸ்டும் பிறந்தது. வில்லியம் காசெட் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தார். பார்லியைச் சோதிக்க நாலைந்து மாதிரிதான் கிடைக்கும். நாலைந்தை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்று 1908-ல் கணக்குப் போட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலையில் அனுமதி இல்லை. அதனால் 'ஸ்டூடண்ட்' என்று போட்டுக்கொண்டார்.

இன்னொரு சங்கதியையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் புத்தகத்தில் தர வரிசை ஒட்டுறவு என்று வருமே, அது ஸ்பியர்மன் என்ற ஆங்கில உளவியலாளருடையது. அவரிடம் லண்டனில் படித்துவிட்டு வந்து மைசூரில் 1924-ல் உளவியல் துறையைத் தொடங்கியவர் எம்.வி. கோபாலசாமி. 1935-ல் தன் வீட்டிலிருந்தே வானொலி நடத்தி அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தவரும் இவரேதான். சரி, காபிக்கு வாருங்கள்.

அல்சூர்க்காரி
இரண்டாம் ஞாயிறு. விவரமாக எழுதுகிறேன்.

சீட்டு குலுக்கிக் காபி கலந்தவள் சின்னவள். டம்ளர் அடியில் பென்சிலால் எண் போட்டு, எது எது என்று நோட்டில் எழுதி, நோட்டோடு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டு டம்ளரும் சுடுதண்ணீர்த் தாம்பாளத்தில் நின்றன, ஆறாமல் இருக்க. எனக்கு எது எதுவென்று தெரியாது. அவர் கண்ணைத் தேங்காய்ப்பூத் துண்டால் கட்டினேன். டம்ளருக்கு ஒரு வாய், நடுவில் வெறும் தண்ணீர். வேண்டுமானால் திரும்பவும் ருசி பார்க்கலாம்.

முதல் மூன்றையும் டக் டக்கென்று சொன்னார். நாலாவதில் நின்றார். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். "இன்னொரு வாய் கொடு" என்றார். இத்தனை வருடத்தில் இந்த மனிதர் காபிக்கு யோசித்து நான் பார்த்ததே இல்லை. நெற்றியில் வேர்வை. எனக்கே பாவமாகிவிட்டது.

எட்டில் ஆறு சரி. ஐந்தாவது சிக்கரி, அதைச் சுத்தம் என்றார். எட்டாவது சுத்தம், அதைச் சிக்கரி என்றார்.

அவர்: "நூற்றுக்கு எழுபத்தைந்து. டிஸ்டிங்க்‌ஷன்." மாமியார்: "எட்டாவது ஆறிப்போயிருந்தது, ஐந்தாவதின்போது வாசலில் காய்காரன் கத்தினான். அந்த இரண்டையும் விட்டுவிட்டு எண்ணு."

மேல்வீட்டுப்_பெண்
பாட்டி செய்வதற்கு ஆராய்ச்சி உலகில் 'பி-ஹேக்கிங்' என்று ஒரு பெயரே உண்டு. முடிவைப் பார்த்த பிறகு எதை எண்ணுவது என்று தீர்மானித்தால் எந்தக் கிளி ஜோசியரும் பாஸாகிவிடுவார். 2015-ல் பல ஆய்வாளர்கள் சேர்ந்து, வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதல் தடவை 97 சதவீதத்தில் பி 0.05-க்குக் கீழே. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான். எல்லாமே பாட்டி வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டிகளும் இருந்தார்கள்.

பழைய_வாத்தியார்
இப்போது கணக்கு. அம்மா, காகிதம் எடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றுமே தெரியாது, குருட்டாம்போக்கில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் இன்மைக் கருதுகோள். எட்டு டம்ளரிலிருந்து சிக்கரி என்று நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. நாலும் சரியாக அமைவது ஒரே ஒரு வழி. மூன்று சரி, ஒன்று தவறு என்பது 16 வழி. இரண்டு சரி 36. ஒன்று சரி 16. ஒன்றுகூடச் சரியில்லை 1. கூட்டினால் 70.

ஒரு சிக்கரியை விட்டால் அந்த இடத்தில் ஒரு சுத்தத்தைச் சிக்கரி என்று சொல்லியே ஆக வேண்டும். அதனால் சிக்கரியில் மூன்று சரி என்றால் எட்டில் ஆறு சரி; எட்டில் ஏழு சரி என்பது நடக்கவே நடக்காது. தம்பியின் கட்டிப்போட்ட மாடு இங்கேயும் நிற்கிறது.

எட்டும் சரியாகியிருந்தால் 70-ல் 1, அதாவது 0.014. ஆறு சரி என்றால் அதையும் அதைவிட நல்லதையும் சேர்த்து எண்ண வேண்டும். 16-ம் 1-ம் 17. 70-ல் 17, ஏறக்குறைய 0.24.

கோரமங்களா_கோடர்
அப்படியென்றால் அவர் குருட்டாம்போக்கில் சொல்லியிருக்க 24 சதவீத வாய்ப்பு, நிஜமாகவே தெரிந்திருக்க 76 சதவீத வாய்ப்பு. சரிதானே சார்?

பழைய_வாத்தியார்
அம்மா பரீட்சையில் எழுதிய அதே தவறு! இதற்காகத்தான் இத்தனை காபி.

24 என்ற எண் எங்கிருந்து வந்தது? அவருக்கு ஒன்றும் தெரியாது என்று *முதலிலேயே* வைத்துக்கொண்டு டம்ளர்களை எண்ணினோம். தெரியாது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு, தெரியுமா தெரியாதா என்பதற்கு எப்படிச் சதவீதம் கொடுக்கும்? ஒன்றுமே தெரியாத ஆள் உட்கார்ந்தாலும் நாலு தடவைக்கு ஒரு தடவை இவ்வளவு நன்றாகவோ இன்னும் நன்றாகவோ சொல்லிவிடுவார் என்பதை மட்டும் அது சொல்கிறது. அது டம்ளர்களைப் பற்றிய எண், மனிதரைப் பற்றியது இல்லை.

0.03-க்கும் அப்படியே எழுதுங்கள்: "உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர வாய்ப்பு 100-க்கு 3."

அல்சூர்க்காரி
சார்!! இப்போது புரிந்தது. 17-ஐயும் 70-ஐயும் நானே எழுதிப் பார்த்தேன்.

அப்படியென்றால் அவருக்கு நாக்கு இல்லை என்று மாமியாரிடம் சொல்லிவிடலாமா?

பழைய_வாத்தியார்
கூடாது. எட்டு டம்ளர் வைத்தால் ஒரு ஜோடி தவறினாலே 0.24-க்குப் போய்விடுகிறது. நல்ல நாக்குக்காரரும் ஒரு தடவை சறுக்குவார். அவர் திறமையைப் பிடிக்கும் அளவுக்கு நம் வலை நெருக்கமாக இல்லை. மீன் சிக்கவில்லை என்பதால் குளத்தில் மீனே இல்லை என்று ஆகாது.

பன்னிரண்டு டம்ளர் வையுங்கள், ஆறு ஆறு. 924 வழி. ஆறில் ஐந்து பிடித்தால் 36 வழி, ஆறும் பிடித்தால் 1. 924-ல் 37 என்பது 0.04, வழக்கமான 0.05 எல்லைக்குள். அப்போது ஒரு ஜோடி தவறினாலும் தாங்கும். பத்து டம்ளர் போதாது, ஒரு ஜோடி தவறினால் 0.10 ஆகிவிடும். எத்தனை டம்ளர், எதை எண்ணுவோம், எது வெற்றி என்று முன்கூட்டியே காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். மாமியார் கையெழுத்தும் இருக்கட்டும்.

கோரமங்களா_கோடர்
எங்கள் ஆபீஸில் இதற்கு நேர்மாறான வியாதி. லட்சக்கணக்கான ஆட்களிடம் சோதிப்பதால் பட்டன் நிறத்தைத் துளி மாற்றினாலும் பி 0.001 வந்துவிடும். எத்தனை பேர் கூடுதலாக அமுக்கினார்கள் என்று பார்த்தால் ஆயிரத்துக்கு ஒருவர். வித்தியாசம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு என்பது வேறு கேள்வி. இது எனக்கே இன்றைக்குத்தான் உறைத்தது.

வெள்ளந்தி
பன்னிரண்டு டம்ளர் எப்போது அக்கா?

அல்சூர்க்காரி
தடங்கல். ஃப்ரிட்ஜில் காகிதம் ஒட்டியாயிற்று, சின்னவள் சீட்டும் வெட்டிவிட்டாள். நேற்று இரவு என் பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயத்தில் பென்சில் கோடு. நான் போட்டதில்லை. "ஆய்வில் பங்கேற்பவர் எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம்." காலையில் காபி டம்ளரோடு வந்து நின்று, "நான் விலகிக்கொள்கிறேன்" என்றார். காரணம் கேட்டேன். "சொல்ல வேண்டியதில்லை என்று உன் புத்தகத்திலேயே இருக்கிறது."

பழைய_வாத்தியார்
அவர் சொல்வது சரி. வற்புறுத்தக் கூடாது.

அல்சூர்க்காரி
வற்புறுத்தவில்லை சார். மாமியார் தானாகவே முன்வந்திருக்கிறார். "அவன் நாக்கு யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?" என்கிறார். வீட்டில் ஒரே மாதிரி டம்ளர் எட்டுதான் இருக்கிறது. மேல் வீட்டில் நாலு கேட்டிருக்கிறேன்.